காடேறிய பூனைகளைப் பிடித்தலும் பழக்குதலும்

சாம்பியன் ரீப்ஸ் வட்டாரக் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் சில குறிப்புகள்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இருப்புப்பாதையில், கடைசி நிலையத்திற்கு முந்தியது சாம்பியன். கோலார் தங்கவயலின் புகழ்பெற்ற சுரங்கங்களுள் ஒன்று இங்கே அமைந்திருந்தது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வயலில் பணி தொடங்கினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 1965இல் இதே சுரங்கத்தில், நிலமட்டத்திற்குச் சுமார் 2.3 கிலோமீட்டர் கீழே கருவிகளை அமைத்துக் காத்திருந்த விஞ்ஞானிகள், காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைப் பதிவு செய்தனர். சத்தமில்லாத இடம் தேர்ந்து, பொறுமையுடன் காத்திருந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம் ஆயிற்று.

இக்கட்டுரையின் பொருள் அத்துணைப் பெரியதன்று. ஆயினும் இதற்கும் வேண்டுவன அமைதியும் பொறுமையுமே. சுரங்கம் மூடிய பின்னர் தங்கவயல் மக்களில் பலர் பிழைப்பிற்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று திரும்பலாயினர். குடும்பத்துடன் பெயர்ந்து சென்றோரும் உண்டு. மனிதர் பெட்டி படுக்கையுடன் பெயர்ந்துவிடுகின்றனர். பூனை அவ்வாறு பெயர்வதில்லை. நாய் ஆளைச் சேர்ந்தது, பூனை வீட்டைச் சேர்ந்தது என்று பெரியோர் சொல்வர். வீடு பூட்டிக் கிடந்தாலும், கூரை சரிந்தாலும், பூனை அவ்விடத்தையே சுற்றிவரும். அங்கேயே குட்டி போடும். அக்குட்டிகள் மனிதர் கைபடாமல் வளர்ந்து, மனிதரைக் கண்டால் ஓடி ஒளியும் பிராணிகளாக மாறும். பழைய லைன் வீடுகளும், பாழடைந்த கட்டிடங்களும், எலியும் பெருச்சாளியும் மிகுந்த சாக்கடைகளும் உள்ள எவ்வூரிலும் இவை பெருகுவது இயற்கையே.

இரவில் கூச்சல், திறந்த அடுக்களையில் மீன் களவு, பரண்மேல் குட்டிகளின் அழுகுரல் என்று மக்கள் முறையிடும்போது, வழக்கமாகக் கையாளப்படும் வழிகள் மூன்று. நஞ்சு வைத்தல் ஒன்று. சாக்கில் கட்டி வேற்றூரில் விட்டுவருதல் மற்றொன்று. ஒன்றும் செய்யாது விடுதல் மூன்றாவது. இம்மூன்றும் பயனற்றவை என்பதையும், இவற்றினும் எளியதும் இரக்கமுடையதுமான நான்காம் வழி ஒன்று உண்டு என்பதையும் இங்கே விளக்குவோம்.

காடேறிய பூனை என்பது யாது?

வீட்டுப்பூனை இனத்தில் பிறந்து, மனிதர் பழக்கமின்றி வளர்ந்த பூனையையே இங்கே காடேறிய பூனை என்று குறிக்கிறோம். இதனைக் காட்டுப்பூனையோடு குழப்பிக்கொள்ளலாகாது. காட்டுப்பூனை வேறொரு தனி இனம். பழந்தமிழில் வெருகு, பூசை என்னும் பெயர்கள் பூனையைக் குறிக்க வழங்கின. இன்று நம் வீடுகளில் உலவும் பூனையின் முன்னோர் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்த ஒருவகைச் சிறு காட்டுப் பூனைகள் என்பது 2007இல் வெளியான மரபணு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. தானியக் களஞ்சியத்தை எலி நாடிற்று. எலியைப் பூனை நாடிற்று. பூனையை மனிதன் ஏற்றுக்கொண்டான். ஆடு மாடுகளைப் போலப் பன்னூறு தலைமுறை கட்டிவளர்க்கப்பட்ட பிராணியன்று பூனை. ஆகவே ஒவ்வொரு குட்டியும் மனிதனோடு பழகுவதைத் தன் வாழ்நாளின் தொடக்கத்தில் புதிதாகக் கற்றாக வேண்டும். கற்கும் பருவம் தவறினால், தாய் எத்துணைச் சாதுவாயினும் குட்டி காடேறியதாகவே வளரும்.

பிடிப்பதற்கு முன் இனத்தைத் தெளிந்தறிதல் களப்பணியாளரின் முதற் கடமை. காட்டுப்பூனை வீட்டுப்பூனையினும் பெரியது. அதன் கால்கள் நீண்டவை. வால் குட்டையானது, நுனியருகே கருவளையங்கள் உடையது. காது நுனியில் சிறு கருமயிர்க் கற்றை இருக்கும். வளர்ந்த காட்டுப்பூனையின் உடல் பெரும்பாலும் கோடுகளின்றி மணல் நிறமாகக் காணப்படும். துரும்பன் பூனை எனப்படும் மற்றோர் இனம் வீட்டுப்பூனையில் ஏறக்குறைய பாதியே உள்ளது. அதன் சாம்பல் நிற உடலில் துருநிறப் புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். இவ்விரு இனங்களும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. கரும்புத் தோட்டத்திலும் புதரிலும் தனித்துக் கிடக்கும் குட்டிகளைத் தாயற்றவை என்று எண்ணி வீட்டிற்கு எடுத்துவருவது அடிக்கடி நிகழும் தவறு. தாய் இரை தேடச் சென்றிருக்கும்; இருட்டியபின் திரும்பிவரும். ஊருக்கு வெளியே கண்ட குட்டியைத் தொடாது விட்டு, வனத்துறைக்கு அறிவித்தலே முறை.

பெருக்கத்தின் கணக்கு

பெட்டைப்பூனை பிறந்த நான்கைந்து மாதங்களிலேயே கருத்தரிக்கக்கூடும். கருக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். ஆண்டிற்கு இரண்டு ஈற்றும், சில சமயம் மூன்றும் உண்டு. ஓர் ஈற்றுக்குச் சராசரி நான்கு குட்டிகள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே மீண்டும் சூலுறுதலும் நிகழும்.

இவ்வளவு பிறந்தும் ஊரெல்லாம் பூனையாக நிறைந்துவிடாதிருப்பது ஏன்? குட்டிகளில் பெரும்பகுதி மடிந்துபோவதே காரணம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்து 2004இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், தெருவில் பிறந்த 169 குட்டிகளில் 127 ஆறு மாதம் நிரம்புவதற்குள் மடிந்தன அல்லது காணாமற் போயின. நான்கில் மூன்று பங்கு என்க. பசி, நோய், நாய், வண்டிச் சக்கரம் ஆகியவையே இவ்வெண்ணிக்கையைக் குறைக்கின்றன. பூனைத் தொல்லை என்று நாம் கூறுவதன் மறுபுறம், கண்ணுக்குப் புலப்படாத இத்துன்பம் இருக்கிறது.

கொன்றோ கடத்தியோ பூனைகளை ஒழிக்க முயலும்போது என்ன நிகழ்கிறது என்று காண்போம். பத்துப் பெட்டைகள் உள்ள இடத்தில் ஐந்தை அகற்றினால், எஞ்சிய ஐந்திற்கும் அவற்றின் குட்டிகளுக்கும் இரை கூடுதலாகக் கிடைக்கும். மடியும் குட்டிகளின் எண்ணிக்கை குறையும். அண்டை இடத்துப் பூனைகளும் வந்து சேரும். இரையும் மறைவிடமும் இருக்குமளவும் வெற்றிடம் நெடுநாள் நிற்பதில்லை. நஞ்சோ பூனையோடு நிற்பதன்று. அதனைக் கோழியும் நாயும் உண்ணும்; நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியும்; சில வேளை குழந்தையின் கைக்கும் அது எட்டிவிடும். வேற்றூரில் விடப்பட்ட பூனைக்கு நீரும் இரையும் மறைவிடமும் எங்கே என்பது தெரியாது. அங்குள்ள பூனைகள் அதனைத் துரத்தும், பல மடியும்.

சட்டமும் இதனைத் தடுக்கிறது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எழுப்பிய குரல் வழிகோல, 1960ஆம் ஆண்டில் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. பசியாலும் தாகத்தாலும் துன்புறத்தக்க நிலையில் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் அச்சட்டப்படி குற்றமாகும். பிராணியை நஞ்சிட்டுக் கொல்லுதலும் ஊனப்படுத்துதலும் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 325ஆம் பிரிவின்கீழ்த் தண்டனைக்குரியவை.

எலியும் பூனையும் பிளேக்கும்

தங்கவயல் வட்டாரத்தில் பூனையைப் பற்றி எழுதுங்கால் எலியை மறக்கவியலாது. கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் மூன்றும் கூடும் இந்நிலப்பகுதி, தென்னிந்தியாவில் பிளேக் நோய்க் கிருமி நிலைத்திருந்த இடங்களுள் ஒன்று. அதனாலேயே கொறிப்பிராணிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் பிளேக் ஆய்வுப் பிரிவு பெங்களூரில் அமைந்துள்ளது. 1898இல் பெங்களூரில் பிளேக் பரவிப் பல உயிர்களைக் கொண்டது. அக்காலத்தை அடுத்து, இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஆண்ட்ரூ புக்கானன் என்பார், பூனை வளர்க்கும் வீடுகளில் பிளேக் குறைவு என்னும் கருத்தை 1908இல் மருத்துவ இதழொன்றில் எழுதி, வீடுதோறும் பூனை வளர்க்குமாறு பரிந்துரைத்தார்.

இன்றைய அறிவு இக்கருத்தை ஒருபாதியே ஏற்கும். வீட்டில் எலி தங்குவதைப் பூனை குறைக்கும் என்பது மெய்யே. ஆனால் பூனையும் பிளேக் நோய்க்கு ஆட்படும். நோயுற்ற பூனையிடமிருந்து மனிதனுக்கு நோய் தொற்றியதும் உண்டு. ஆகவே எலிகள் கூட்டமாக மடிவதைக் கண்டால், பூனையை நம்பியிராமல் உடனே சுகாதாரத் துறைக்கு அறிவித்தல் வேண்டும். பூனைகளை முற்றும் ஒழிப்பதும் நன்றன்று. எல்லையின்றிப் பெருகவிடுவதும் நன்றன்று. எண்ணிக்கையில் அடங்கி, தடுப்பூசி பெற்று, உடல்நலத்துடன் இருக்கும் சில பூனைகளே ஊருக்கு உகந்தவை.

பிடிப்பதற்கு முன்

மேற்கூறிய நான்காம் வழி இதுவே: தீங்கின்றிப் பிடித்தல், கருத்தடை செய்தல், வெறிநோய்த் தடுப்பூசி போடுதல், பழகக்கூடிய குட்டியைப் பழக்கி ஒரு வீட்டில் சேர்த்தல், பழகாத வளர்ந்த பூனையைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுதல்.

முதலில் ஒரு பதிவேடு தொடங்குக. ஒவ்வொரு பூனையின் நிறம், அடையாளம், ஆணா பெட்டையா, சூலுற்றதா, பால் கொடுக்கிறதா, எவ்விடத்தில் எந்நேரத்தில் தென்படுகிறது என்பனவற்றைக் குறிக்க. மூன்று நிறம் கலந்த பூனை பெரும்பாலும் பெட்டையாகவே இருக்கும். வளர்ந்த கடுவனின் கன்னங்கள் பருத்துத் தலை அகன்று தோன்றும். யார் எங்கே சோறிடுகின்றனர் என்பதையும் விசாரித்தறிக. அந்த அம்மையாரோ பெரியவரோ உடன்படாமல் இப்பணி நிறைவேறாது. பூனை நம்பும் மனிதர் அவர் ஒருவரே.

அடுத்து, கால்நடை மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்க. மருத்துவர் ஆயத்தமாயிருக்கும் நாளுக்கு முன் எப்பூனையையும் பிடித்தலாகாது. கூண்டில் வீணே அடைபட்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதற்குத் துன்பமே. பிடிக்கும் பணியில் ஈடுபடுவோர் வெறிநோய்த் தடுப்பூசியை முன்னதாகவே போட்டுக்கொள்வது நன்று.

தங்கவயலில் மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். பூனை எங்கு ஓடினும் பின்தொடர்ந்து செல்லலாகாது. கைவிடப்பட்ட சுரங்க வாய்கள், இடிந்த கட்டிடங்கள், கோடிக்கணக்கான டன் அரைத்த கழிவுமண் குவிந்த சயனைடு மேடுகள் ஆகியவற்றுள் நுழைவது ஆபத்து. பூனையை நாம் தேடிச் செல்வதற்கு மாறாக, நாம் தேர்ந்த இடத்திற்கு அது வருமாறு செய்வதே பிடிக்கும் கலை.

கூண்டும் இரையும்

இப்பணிக்கு உகந்தது கம்பிவலைக் கூண்டு. நீளம் 75 முதல் 90 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 25 முதல் 30 சென்டிமீட்டர் போதும். உள்ளே பின்புறத்தில் ஒரு மிதிதட்டு இருக்கும். பூனை அதனை மிதித்ததும் முன்கதவு விழுந்து மூடிக்கொள்ளும். பின்புறம் தூக்குகதவு ஒன்று இருப்பின் பூனையை வேறு கூண்டுக்கு மாற்றுவது எளிது. கால்கண்ணி, சுருக்குக்கயிறு, வலை வீசுதல், சாக்கு ஆகியவை வேண்டா. இவை காலை முறிக்கும், மூச்சை அடைக்கும்.

கூண்டைக் கொண்டுவைத்த அன்றே பிடிக்க முயல்வது தவறு. கதவு விழாதபடி கட்டிவைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில், முதலில் கூண்டின் அருகிலும், பின் வாயிலிலும், பின் உள்ளேயும் உணவு வைக்க. நான்கைந்து நாள்களில் பூனைகள் அஞ்சாது உட்புகுந்து உண்ணும். பிடிக்கும் நாளுக்கு முந்திய இரவு உணவை நிறுத்துக, தண்ணீரை நிறுத்தலாகாது. பசித்த பூனை விரைவில் கூண்டில் நுழையும். மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு நன்று. சிறு குட்டிகளை மட்டும் இவ்வாறு பட்டினியிடலாகாது.

இரைக்கு மணமே முதன்மை. வறுத்த நெத்திலிக் கருவாடு, வேகவைத்த மத்தி மீன் ஆகியவை நம் பக்கத்தில் எளிதிற் கிடைப்பவை, நெடுந்தூரம் மணப்பவை. சிறு துணுக்குகளை வாயிலிலிருந்து உள்நோக்கி வரிசையாகத் தூவி, பெரும்பகுதியை மிதிதட்டுக்கு அப்பால் வைக்க. தட்டின்மீது செய்தித்தாளை விரித்தால் கம்பி காலில் உறுத்தாது. எறும்பு மொய்க்காத சமதளத்தில், நிழலில், சுவரோரமாகக் கூண்டை வைக்க. பூனை சுவரோரம் நடக்கும் பிராணி.

கூண்டை அமைத்தபின் தொலைவில் அமர்ந்து கவனித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். கூண்டை வைத்துவிட்டு வீட்டிற்குச் சென்று உறங்குவது கொடுமை. அடைபட்ட பூனையை நாய்கள் சூழக்கூடும், வெயில் ஏறக்கூடும், சிறுவர் கல்லெறியக்கூடும். தங்கவயல் கடல்மட்டத்திற்கு 800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை மாத இரவுகள் குளிர்மிக்கவை என்பதையும் நினைவிற் கொள்க.

கூண்டில் நுழைய மறுக்கும் பழம்பூனைக்கு வேறொரு முறை உண்டு. அகன்ற வலைச்சட்டம் ஒன்றை ஒருபுறம் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, குச்சியில் நீண்ட கயிறு கட்டுக. பூனை அடியிற் சென்று தலை குனிந்து உண்ணும்போது கயிற்றை இழுத்தால் சட்டம் கவியும். கதவில்லாத இடம் ஆகையால் பூனை ஐயுறுவதில்லை.

பிடித்த பின்

கதவு விழுந்ததும் பூனை துள்ளிக் கம்பியில் மோதும். உடனே தடித்த துணியால் கூண்டு முழுவதையும் மூடுக. இருள் சூழ்ந்த சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். அடங்கியபின் கூண்டைக் கிடைநிலையில் தூக்கிச் செல்க. விரலை உள்ளே விடுதல், கதவைத் திறந்து பார்த்தல், ஆறுதலாகத் தடவ முயலுதல் ஆகிய யாவும் கூடா. தோல் கையுறையும் பூனையின் பல்லுக்கு முழுத் தடையன்று.

இது வழிதவறிய வீட்டுப்பூனையா, காடேறிய பூனையா என்று உடனே முடிவு செய்யலாகாது. அச்சத்தில் பழகிய பூனையும் சீறும். ஓரிரு நாள் கழித்துக் காண்க. பழகிய பூனை மெல்ல முன்வரும், குரல் கொடுக்கும், வாலை உயர்த்தும். காடேறியது மூலையில் ஒடுங்கி, ஓசையின்றி, கண்ணைச் சந்திக்காது இருக்கும். பழகியதாயின் அதன் வீட்டாரைத் தேடி அக்கம்பக்கத்தில் விசாரிக்க.

அறுவை முடிந்தபின் மருத்துவர், பூனை மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை, பெரும்பாலும் இடது காதின் நுனியை, நேர்கோடாகச் சிறிதளவு வெட்டிவிடுவார். உலகின் பல நாடுகளில் வழங்கும் குறி இது. இக்குறி உள்ள பூனையை மீண்டும் பிடித்து அறுக்க வேண்டியதில்லை என்பது தொலைவிலிருந்தே புலப்படும். மயக்கம் முற்றும் தெளியும் வரை கதகதப்பான அமைதியான இடத்தில் கூண்டிலேயே வைத்திருந்து, கடுவனை மறுநாளும், பெட்டையை மருத்துவர் கூறும் நாளிலும், பிடித்த அதே இடத்தில் கதவைத் திறந்து விடுக.

பாலூட்டும் தாய் அகப்பட்டால் பொறுப்பு இருமடங்காகும். காம்புகள் பருத்து, சுற்றிலும் மயிர் உதிர்ந்திருப்பது அடையாளம். அதன் குட்டிகள் எங்கோ பசித்திருக்கும். முதலில் குட்டிகளைத் தேடுக. அல்லது அறுவையை விரைவில் முடித்துத் தாயை ஒரு நாளுக்குள் திருப்பி விடுக. குட்டிகள் முன்னரே கிடைத்திருப்பின், அவற்றை மூடிய கூடையில் பொறிக்குப் பின்னால் வைத்தால் தாய் அக்குரல் கேட்டுத் தானே வந்து நுழையும்.

பழக்குதல்: காலமே முதற் கருவி

பழக்குதலில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வயது. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்னும் உளவியல் அறிஞர் 1980களில் செய்த ஆராய்ச்சியால், பூனைக்குட்டி மனிதரோடு உறவுகொள்ளக் கற்கும் பருவம் பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை என்பது தெரியவந்தது. அப்பருவத்தில் நாள்தோறும் கையால் எடுக்கப்பட்ட குட்டிகள் பிற்காலத்தில் மனிதரை நாடின. கூடுதல் நேரம் கையாளப்பட்டவை கூடுதலாக நாடின. தந்தைப் பூனையின் துணிவுக் குணமும் குட்டிக்கு இறங்குகிறது என்று 1995இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி காட்டிற்று. ஒரே ஈற்றில் ஒரு குட்டி விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் பழகக் கண்டால் வியப்புற வேண்டா.

எனவே குட்டியின் வயதை மதிப்பிடக் கற்பது இன்றியமையாதது. பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ளது. கண் திறப்பது 7 முதல் 10 நாளில். முன்பற்கள் முளைப்பது இரண்டு மூன்றாம் வாரத்தில். கோரைப்பற்கள் மூன்று நான்காம் வாரத்தில். கண்ணின் நீல நிறம் மாறத் தொடங்குவது ஆறு ஏழாம் வாரத்தில். எட்டாம் வாரத்தில் எடை ஏறக்குறைய 900 கிராம் இருக்கும். தானே மென்று உண்ணத் தொடங்கிய ஐந்தாறு வாரக் குட்டியே பழக்குவதற்கு மிகவும் உகந்தது. இவ்வயதினது சில நாள்களில் பழகும். பத்து வாரக் குட்டிக்குப் பல வாரங்கள் வேண்டும். நான்கு மாதம் கடந்ததைப் பழக்குதல் அரிது. பரணில் குட்டிகளைக் கண்ட நாளையும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் நாளையும் பிரிப்பது இந்தக் கணக்கே. ஒரு மாதத் தாமதம் ஒரு குட்டியின் வீட்டை இழக்கச் செய்துவிடும்.

பழக்கும் முறை வருமாறு. சிறிய அறையொன்றில், அல்லது பெரிய கூண்டில், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, மணல் அல்லது சாம்பல் நிரப்பிய தட்டு, தண்ணீர் ஆகியவற்றை வைக்க. முதல் இரண்டு நாள் தொடவேண்டா. தரையில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருக்க. உற்று நோக்குதல் பூனைக்குப் பகைக் குறி. கண்களை மெல்ல மூடித் திறத்தல் நட்புக் குறி. இதனைச் செய்யும் மனிதரைப் பூனைகள் அதிகம் நாடுகின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் சோதித்துக் காட்டினர்.

மூன்றாம் நாள் முதல், நாளுக்கு நான்கு வேளையும் நாம் அருகில் இருக்கும்போதே உணவு கொடுக்க. வேகவைத்து மசித்த கோழி இறைச்சியையோ மீனையோ நீண்ட கரண்டியில் எடுத்து நீட்டுக. பட்டினியிட்டுப் பணியவைப்பது பழக்குதல் ஆகாது. உணவின் இன்பத்தோடு நம் இருப்பும் சேர்ந்து மனத்திற் பதிவதே வேண்டுவது. பசும்பால் குட்டிக்கு உகந்ததன்று, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குப் பால் என்னும் நம் நெடுநாள் வழக்கத்தைக் குட்டிகளைப் பொறுத்தவரை கைவிடுதல் நலம்.

கரண்டிக்கு வரும் குட்டி விரைவில் விரலுக்கும் வரும். உண்ணும்போது கன்னத்தையும் தாடையையும் மெல்லத் தொடுக. தலைக்கு மேலிருந்து கையை இறக்காதீர். பின்னர்த் துவாலையில் சுற்றி மடியில் வைத்து, ஒரு முறைக்கு 10, 15 நிமிடமாக நாளுக்குப் பல முறை தடவிக்கொடுக்க. சீறினால் திடுக்கிட்டுக் கீழே போடாது அமைதியாயிருக்க. அடங்கியபின் இறக்கிவிடுக. ஈற்றில் ஒன்று மிகவும் அஞ்சினால் மற்றவற்றையும் அஞ்சச் செய்யும். அதனைத் தனியே வைத்துப் பழக்குக. இறுதியாக, வெவ்வேறு மனிதர், குழந்தைகளின் குரல், குக்கரின் ஒலி ஆகியவற்றை அது சிறிது சிறிதாக அறியச் செய்க. ஒருவரிடம் மட்டும் பழகிய குட்டி புதுவீட்டில் மீண்டும் காடேறக்கூடும். வாலை நிமிர்த்தி எதிர்வந்தால் பழக்கம் கைகூடிற்று என்க.

குடற்புழு மருந்தும், ஆறு எட்டு வாரத்தில் பூனைக்குரிய தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், நான்காம் மாதத்தில் கருத்தடையும் மருத்துவர் வழி செய்விக்க. இவற்றைச் செய்ய உறுதி கூறுவோர்க்கே குட்டியைக் கொடுக்க.

வளர்ந்த காடேறிய பூனையைப் பழக்கியே தீர்வது என்று அடைத்துவைப்போர் உளர். அன்பினால் செய்யினும் அது துன்பமே. அப்பூனைக்கு நாம் செய்யத்தக்க உதவி, கருத்தடையும் தடுப்பூசியும் அளித்து, அது அறிந்த மண்ணில் விட்டு, குறித்த நேரத்தில் சிறிது உணவும் நீரும் வைத்து, மிச்சத்தை அகற்றித் தூய்மை பேணுதலே.

கடிபட்டால்

பூனையின் பல் ஊசிபோல் ஆழ்ந்து பதியும். புண் சிறியதாகத் தோன்றினும் எளிதிற் சீழ்பிடிக்கும். கடியோ பிறாண்டலோ பட்ட இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுக. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதனையும் அப்பவேண்டா. அன்றே அரசு மருத்துவமனை சென்று தடுப்பூசித் தொடரைத் தொடங்குக. தோலிடை ஊசியாயின் முதல் நாளும், அதனை அடுத்து 3, 7, 28ஆம் நாள்களும் தவறாது செல்லவேண்டும். கருவுற்ற பெண்டிர் பூனையின் மலத்தட்டைத் துப்புரவு செய்யலாகாது. அதன்வழிப் பரவும் ஒட்டுண்ணி ஒன்று கருவிற்குத் தீங்கு பயக்கும்.

பள்ளியும் ஊரும்

இம்முறை பயன் தருமா என்று ஐயுறுவோர்க்கு ஓர் உதாரணம் கூறுவோம். அமெரிக்காவில் மத்திய புளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 2002 வரை இப்பணி நடந்தது. மொத்தம் 155 பூனைகள் பதிவாயின. அவற்றில் 47 விழுக்காடு பழக்கப்பட்டு வீடுகளிற் சேர்ந்தன. 1996இல் வளாகத்தில் எண்ணப்பட்ட 68 பூனைகள் 2002இல் 23 ஆகக் குறைந்தன. 1995க்குப் பின் அங்கே குட்டிகள் பிறக்கவில்லை. கருத்தடை மட்டும் இதனைச் செய்யவில்லை. குட்டிகளைக் காலத்தில் பழக்கியமையும், புதிதாக வந்த பூனைகளை உடனுக்குடன் பிடித்தமையும் சேர்ந்தே செய்தன. நம் நாட்டில் மும்பை மாநகராட்சி 2019இல் தெருப்பூனைகளுக்குக் கருத்தடைத் திட்டம் தொடங்கிற்று.

எனினும் இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. பெட்டைகளில் சிலவற்றை மட்டும் பிடித்துப் பணியைப் பாதியில் நிறுத்தினால் எண்ணிக்கை மீண்டும் ஏறும். அரிய பறவைகள் வாழும் தீவுகளிலும் சரணாலயங்களிலும் பூனையைத் திரும்ப விடுதல் தகாது. ஒரு லைன், அடுத்து ஒரு லைன் என்று முழுமையாக முடித்துச் செல்வதே வெற்றி தரும்.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பில் பயனுறச் செய்யலாம். பூனைகளைப் பிடிப்பது மாணவர் வேலையன்று. எண்ணுவது அவர் வேலை. தெருவின் வரைபடம் வரைந்து, தென்பட்ட பூனைகளையும் காது நுனி வெட்டிய பூனைகளையும் மாதந்தோறும் குறிக்கச் செய்க. ஒரு பெட்டைக்கு ஆண்டில் எட்டுக் குட்டி பிறந்து ஆறு மடிந்தால் பத்துப் பெட்டைகளால் எத்தனை எஞ்சும், ஏழு பெட்டைகள் கருத்தடை பெற்றால் எத்தனை எஞ்சும் என்று கணக்கிடச் செய்க. முன்னதற்கு விடை இருபது, பின்னதற்கு ஆறு. எஞ்சாது மடிவன முன்னதில் அறுபது, பின்னதில் பதினெட்டு என்பதையும் மாணவரே கூட்டிக் காணட்டும்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்னும் பழமொழி, ஒருவரும் துணியாத செயலைக் குறிக்க வழங்குவது. கூண்டை வைத்து, கருவாட்டைத் தூவி, நிழலில் அமர்ந்து சத்தமின்றிக் காத்திருக்க வல்லவர் ஒவ்வொரு லைனிலும் ஒருவர் இருப்பின், இச்செயல் அரியதன்று. பரண்மேல் குட்டிகளின் குரல் கேட்ட அன்றே பதிவேட்டைத் திறக்க. ஏழு வாரம் விரைவில் கழிந்துவிடும்.